ஒரே வீட்டுக்கு மூன்று கோப்பு: ஸ்காபரோ அயற்சமூக நிலையம் ஒன்றில் ஓராண்டு

ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் கிழக்குப் பகுதியில், ஒரு பிளாசாவின் பின்வரிசையில் இயங்கும், புதிதாக வந்தவர்களுக்கும் அயலில் வசிப்பவர்களுக்கும் உதவும் அயற்சமூக நிலையம் ஒன்றை எங்கள் குடும்பம் ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறது. உணவகத்தைப் பற்றியும் நகைக்கடையைப் பற்றியும் விரிவாக மதிப்பீடு எழுதும் நம்மவர்கள், இப்படியான நிலையங்களைப் பற்றி வாய்வழியாகச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். "அங்க போனால் போர்ம் நிரப்பித் தருவினம்" என்பதற்கு மேல் தகவல் கிடைப்பதில்லை. ஆகவே இதனை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நிறையோடு குறையையும் சொல்ல வேண்டியிருப்பதும், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் இடத்தில் யாரைச் சொல்கிறேன் என்பது உடனே தெரிந்துவிடும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

எங்கள் வீட்டு நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மதிப்பீடு முழுவதும் அதைச் சுற்றியே வரும். நானும் என் கணவரும் பல ஆண்டுகளாகக் கனடியக் குடியுரிமை பெற்றவர்கள். எழுபது வயதில் வந்து சேர்ந்த அம்மா, எங்கள் பொறுப்பேற்பின் கீழ் நிரந்தர வதிவிடம் பெற்றவர். தம்பி, அவருடைய மனைவி, மூன்று வயது மகள் ஆகிய மூவரும் அகதிக் கோரிக்கை முன்வைத்து விசாரணைத் தேதிக்காகக் காத்திருப்பவர்கள். சமையலறை ஒன்று, குளிர்சாதனப் பெட்டி ஒன்று, வாசற்கதவு ஒன்று. ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு நாங்கள் மூன்று வகை மனிதர்கள்.

இந்த வகைப் பிரிப்பு நிலையத்தின் வரவேற்பு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் நாள் அம்மாவையும் தம்பியையும் ஒன்றாக அழைத்துச் சென்றேன். அம்மாவின் நிரந்தர வதிவிட அட்டையைப் பார்த்ததும் இருக்கை கொடுத்து, கோப்புத் திறந்து, மொழி மதிப்பீட்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். தம்பி தன்னுடைய அகதிக் கோரிக்கையாளர் ஆவணத்தை நீட்டியபோது, மேசையில் இருந்தவர் அதைத் திருப்பித் தந்து, "இவருக்கு எங்களால் எதுவும் செய்ய இயலாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனாலும் தாய்க்கு நாற்காலியும் மகனுக்கு வாசலும் காட்டப்பட்டதை அம்மா இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வேறோர் ஊழியர் மேசையில் இருந்த நாளில், அந்தப் பதில் பாதி உண்மை மட்டுமே என்று தெரியவந்தது. கூட்டாட்சிக் குடிவரவுத் திணைக்களத்தின் பணத்தில் நடக்கும் குடியமர்வுச் சேவைகள் (புதிதாக வந்தவர்களுக்கான ஆலோசனை, மொழி வகுப்பு போன்றவை) நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உரியவை. விசாரணைக்காகக் காத்திருப்பவர் அதில் சேர மாட்டார்; குடியுரிமை பெற்றுவிட்டவரும் சேர மாட்டார். ஆனால் ஒன்ராறியோ மாகாண அரசு தன் பணத்தில் நடத்தும் குடியமர்வுத் திட்டம் இவர்களையும் ஏற்றுக்கொள்கிறது. அதே கட்டிடத்தில், அதே நடைபாதையின் மறுமுனையில், மாகாணத் திட்டத்துக்கான ஆலோசகர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் இருந்திருக்கிறார். தம்பியை அந்த அறைக்கு இருபது அடி நடத்திக் கூட்டிச் செல்வதற்கு முதல் நாளில் எவருக்கும் தோன்றவில்லை.

இந்த நிலையத்தைப் பற்றிய என் முழு மதிப்பீட்டையும் அந்த இருபது அடிக்குள் அடக்கிவிடலாம் என்று சில வேளை நினைப்பேன். சேவை நன்றாக இருக்கிறதா என்பது எத்தனை திட்டங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதில் இல்லை. ஒரு திட்டத்துக்குள் அடங்காத ஆளை அடுத்த திட்டத்தின் கதவுவரை கொண்டுபோய் விடும் ஊழியர் அன்று மேசையில் இருக்கிறாரா என்பதில் இருக்கிறது. இரண்டாவது நாளில் இருந்த பெண்மணி அந்த வகையைச் சேர்ந்தவர். தம்பிக்கு மாகாண ஆலோசகரை ஒழுங்கு செய்ததோடு, ஆங்கில வகுப்புக்குப் பாடசாலைச் சபை நடத்தும் வளர்ந்தோர் வகுப்பில் சேரலாம் என்றும், அகதிக் கோரிக்கையாளர்களுக்கான இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டத்தை ஏற்கும் மருத்துவர் கிடைக்காவிட்டால் சமூகச் சுகாதார நிலையங்கள் மாகாண மருத்துவக் காப்புறுதியான ஒஹிப் அட்டை இல்லாதவர்களையும் பார்க்கும் என்றும், ஒரு தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போதும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இத்தகைய நிலையங்கள் ரொறன்ரோவுக்குப் புதியவை அல்ல. 1910இல் யுனிவர்சிட்டி செட்டில்மென்ட், 1911இல் சென்ட்ரல் நெய்பர்ஹூட் ஹவுஸ், 1912இல் சென் கிறிஸ்ரோபர் ஹவுஸ் என்று நகரின் மையப் பகுதியில் வரிசையாகத் தோன்றியபோது, அவற்றின் வாசலுக்கு வந்தவர்கள் அப்போது கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியக் குடும்பங்கள். பின்னர் வீட்டு வாடகை மையத்தில் ஏறியது. புதிதாக வருகிறவர்கள் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ போன்ற பகுதிகளின் உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தார்கள். நிலையங்களோ பெரும்பாலும் மையத்திலேயே தங்கிவிட்டன. வறுமை நகரின் ஓரப் பகுதிகளில் செறிந்துவிட்டது என்று, சமூக அமைப்புகளுக்கு நிதி வழங்கும் யுனைட்டெட் வே அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிய பிறகுதான் நகரசபை 13 பகுதிகளை முன்னுரிமைப் பகுதிகளாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் தமிழர்கள் செறிந்து வாழும் மால்வேர்னும் இருந்தது. 2014இல் பட்டியல் 31 மேம்பாட்டுப் பகுதிகளாகத் திருத்தப்பட்டபோது மால்வேர்ன் அதில் இல்லை. சுட்டெண்களின்படி நிலைமை முன்னேறியிருக்கலாம். ஆனால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய ஊரில் அதற்குப் பின் ஒவ்வொரு திட்டத்துக்கும் நியாயம் சொல்லிப் பணம் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை அங்கே வசிக்கும் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி ஒவ்வொரு சேவையாக வருகிறேன்.

அம்மாவை முதலில் லிங்க் வகுப்பில்தான் சேர்த்தோம். 1992 முதல் கூட்டாட்சிப் பணத்தில் நடைபெறும் இந்த இலவச ஆங்கில வகுப்பில், கனடிய மொழித்தர அளவுகோலின்படி மட்டம் பிரித்து அமர்த்துகிறார்கள். கற்பித்தலில் குறை சொல்ல எதுவுமில்லை. மருத்துவரிடம் நேரம் கேட்பது, பேருந்துச் சாரதியிடம் நிறுத்தம் கேட்பது என்று அன்றாடத் தேவையை ஒட்டியே பாடம் அமைகிறது. ஆனால் மாணவர் ஒவ்வொருவரும் செய்த பயிற்சிகளைச் சேகரித்து ஒரு தடித்த கோப்புறையில் அடுக்கி வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்புறையை வைத்துத்தான் மட்டம் உயர்த்தினார்கள். வேலை தேடும் வயதினருக்கு அது பொருத்தமான முறை. எழுபது வயதில், மூட்டு வலியோடு, பனியில் அந்தக் கோப்புறையைக் காவிக்கொண்டு இரண்டு பேருந்து மாறுவதற்கு அம்மாவுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் குடியுரிமைக்கான மொழிச் சான்றும் எழுத்துப் பரீட்சையும் தேவையில்லை என்று அறிந்த அன்றே அவர் முடிவெடுத்துவிட்டார். "பிள்ளை, எனக்குச் சோதனை வேண்டாம், ஆரோடையாவது இருந்து கதைக்க வேணும்" என்றார்.

அந்த இரண்டாவது தேவைக்குத்தான் இந்த நிலையம் உண்மையில் சிறந்தது. புதன்கிழமை முற்பகலில் நடைபெறும் முதியோர் கூட்டத்தில் முப்பது பேரளவில் சேர்கிறார்கள். அரைவாசிப் பேர் தமிழர். மற்றவர்கள் குஜராத்தியர், சீனர், பிலிப்பினோ, கரிபியத் தீவினர். நாற்காலியில் இருந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, இரத்த அழுத்தம் பார்த்தல், தேநீர், பிறகு ஏதாவது ஒரு பயனுள்ள பேச்சு என்பது ஒழுங்கு. வரித் திணைக்களத்தின் பெயரில் வரும் மோசடி அழைப்பை எப்படி அறிவது என்ற பேச்சை மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு கேட்ட அம்மா, அடுத்த வாரமே அப்படியொரு அழைப்பைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் புதன்கிழமை கேட்டுச் சொல்லுறன்" என்று தமிழிலேயே பதில் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

கட்டிடத்தின் பின்புறம் மரச்சட்டமிட்ட பாத்திகள் சில உள்ளன. விக்ரோறியா நாள் நீள் வார இறுதிக்கு முன் எதையும் நடக்கூடாது, உறைபனி கொன்றுவிடும் என்ற பாடத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சீனப் பாட்டி ஒருவர். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் இருவருக்கும் பாகற்கொடி தெரியும். அவருடைய பாகல் வெளிர்பச்சையாய், மழமழவென்று, நீண்டிருக்கும். நம்முடையது முள்ளுமுள்ளாய்க் கரும்பச்சையாய் இருக்கும். விதையை மாற்றிக்கொண்டு இருவரும் தத்தம் பாத்தியில் மற்றவரின் பாகலை வளர்த்தார்கள். அம்மாவின் தீர்ப்பு: சீனப் பாகல் கறிக்கு ஆகாது, கசப்புப் போதாது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பாட்டிக்காக நாற்காலி பிடித்து வைக்கிறார்.

முதியோர் சேவையில் ஒரு முக்கியமான குறை உண்டு. அது நிலையத்தின் குறை மட்டும் அல்ல. பெற்றோரை அழைப்பவர்கள் இருபது ஆண்டுகளுக்கு அவர்களுடைய செலவைப் பொறுப்பேற்பதாகக் கையொப்பமிடுகிறோம். முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்குப் பதினெட்டு வயதுக்குப் பின் குறைந்தது பத்து ஆண்டுகள் கனடாவில் வசித்திருக்க வேண்டும். எழுபதில் வந்த அம்மாவுக்கு எண்பது வரை ஓய்வூதியம் என்று ஒரு சதமும் வராது. ஊரில் மிளகாய் விற்ற காசைத் தன் கையால் எண்ணி முடிச்சிட்டு வைத்திருந்தவர், இங்கே பேருந்துக்கும் மதிய உணவுக்கான சிறு கட்டணத்துக்கும் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்கள் கொடுக்காமல் இருப்பதில்லை. கேட்பதுதான் அவருக்குக் கடினம். நிலையத்தின் கோடைச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு ஐந்து டொலர் என்று அறிவித்தபோது, தமக்குக் கால் வலி என்று சொல்லிப் பின்வாங்கிய தமிழ்த் தாய்மாரின் எண்ணிக்கையைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர், அடுத்த முறை கட்டணத்தை எடுத்துவிட்டு, விரும்பியவர்கள் போடலாம் என்று ஓர் உண்டியலை வைத்தார். கால்வலி பெரும்பாலும் குணமாகிவிட்டது. எந்த நிதி வழங்குநரின் அறிக்கைப் படிவத்திலும் இந்த உண்டியலுக்கு ஒரு கட்டம் இருக்காது.

குழந்தைகளுக்கான சேவையைப் பொறுத்தவரை எனக்குக் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஒன்ராறியோ அரசு நான்கு வகையான பழைய திட்டங்களை இணைத்து 2018இல் எர்லி ஓன் என்ற பெயரில் நடத்தத் தொடங்கிய குடும்ப நிலையத்தின் கிளை ஒன்று இதே கட்டிடத்தில் வாரத்தில் நான்கு முற்பகல்கள் இயங்குகிறது. பிறப்பு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகள் வரலாம், கட்டணம் இல்லை, வதிவிட ஆவணம் எதுவும் கேட்பதில்லை. இது பிள்ளை பராமரிப்பு நிலையம் அல்ல என்பதை மட்டும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும்: பெற்றோரோ பாட்டியோ கூடவே இருக்க வேண்டும், விட்டுவிட்டு வேலைக்குப் போக இயலாது. தம்பியின் மனைவி முதல் மாதம் சுவரோரம் ஒதுங்கியே இருந்தார். மகள் மணல் மேசையில் கைவைத்த நாளிலிருந்து அவரும் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டார். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு சற்றுத் தாமதமாக வருவதை முதலில் கவனித்தவர் அங்குள்ள கல்வியாளர். பயமுறுத்தாமல், இரண்டு வாரம் கவனித்துவிட்டு, மதிப்பீட்டுக்கு எங்கே பதிவதென்று சொன்னார். கோரிக்கை ஏற்கப்படும்வரை கனடியப் பிள்ளை நலக் கொடுப்பனவு கிடைக்காத ஒரு குடும்பத்துக்கு, எதுவும் கேட்காமல் திறந்திருக்கும் இந்த ஒரு அறையின் பெறுமதியை நாங்கள் நன்றாக அறிவோம்.

வருமான வரிப் படிவ முகாம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. 1971 முதல் நாடு முழுவதும் உள்ள தன்னார்வத் திட்டம்; குறைந்த வருமானமும் எளிய கணக்கும் உள்ளவர்களுக்கு இலவசம். வருமானமே இல்லாத அம்மாவும் வரிப் படிவம் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் விற்பனை வரி மீளளிப்புப் போன்றவை வரும் என்று அங்கேதான் அறிந்துகொண்டோம். வேகமும் திருத்தமும் உண்டு. நேரம் முற்கூட்டியே பதிந்தால் போதும்.

குறைகளைச் சேர்த்துச் சொல்கிறேன். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்; குரற்பதிவு விட்டால் மூன்று வேலை நாள் ஆகும். மாலை நேரமும் சனிக்கிழமையும் அநேகமாக மூடியிருக்கும். பகலில் தொழிற்சாலையில் நிற்கும் தம்பியைப் போன்றவர்கள், ஆலோசகரைப் பார்ப்பதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கான நிலையம் புதிதாக வந்தவர்கள் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் திறந்திருப்பது எனக்கு இன்னும் விளங்காத ஒன்று.

சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் தமிழ் அறிவித்தல்கள் கணினியில் பெயர்த்தவை என்று பார்த்தவுடன் தெரியும். குடியமர்வுச் சேவைகள் என்று வரவேண்டிய இடத்தில் "தீர்வுச் சேவைகள்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து (ஆங்கிலத்தில் இரண்டுக்கும் செட்டில்மென்ட் என்ற ஒரே சொல்தான்), அரசியல் தீர்வு ஏதோ கிடைத்துவிட்டது என்று ஒரு முதியவர் சிரித்தார். நாங்களே திருத்திக் கொடுத்தோம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இன்னும் மாற்றவில்லை.

போக்குவரத்து அடுத்தது. ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு மீண்டும் ஓடவே இல்லை. அந்த வழியில் பேருந்துதான். பிரெஸ்ரோ பயண அட்டையை ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் முதியோர் கூட்டமே இரண்டு மணி நேரம் நடப்பதால், போகவர இரண்டு கட்டணம் ஆகிறது. நிலையத்தில் பயணச் சீட்டுகள் கொடுக்கிறார்கள். அவையும் கூட்டாட்சித் திட்டத்தில் கோப்பு உள்ளவர்களுக்கு மட்டும். ஒரே பேருந்தில் வந்த அம்மாவுக்குச் சீட்டு உண்டு, தம்பியின் மனைவிக்கு இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை மார்ச் 31. நிதியாண்டு அன்றோடு முடிகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது தெரியாத நிலையில், பெப்ரவரியிலேயே ஊழியர்கள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எங்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்த பெண்மணி ஏப்ரலில் அங்கே இல்லை. அம்மாவின் கணினி வகுப்பு "இடைநிறுத்தப்பட்டுள்ளது" என்ற அறிவித்தலோடு நின்றுவிட்டது. ஐபாட்டில் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசும் படியை எட்டுவதற்கு இரண்டு வகுப்புகளே மிச்சம் இருந்தன. 2025க்கான புதிய நிரந்தர வதிவிட இலக்கை 5,00,000இலிருந்து 3,95,000ஆகக் கூட்டாட்சி அரசு 2024இல் குறைத்ததால், குடியமர்வுச் சேவைக்கான பணமும் சுருங்கும் என்ற பயம் அங்குள்ள எல்லோருடைய பேச்சிலும் இருந்தது. வருகிறவர்கள் குறைந்தால் சேவை குறையலாம் என்பது கணக்கில் சரியாகத் தோன்றும். ஏற்கெனவே வந்துவிட்டவர்களின் வரிசை அதனால் குறைந்துவிடுவதில்லை.

ஐந்தில் எத்தனை என்று கேட்டால், குழந்தைகள் பகுதிக்கு ஐந்து, முதியோர் கூட்டத்துக்கு நாலரை, ஆலோசனைச் சேவைக்கு மேசையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டோ ஐந்தோ கொடுப்பேன்.

முதன்முறை போகிறவர்களுக்குச் சில வழிமுறைகள். செவ்வாய், வியாழன் காலைகளில் தமிழ் பேசும் ஆலோசகர் இருப்பார். பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். வதிவிட அட்டையோ கோரிக்கையாளர் ஆவணமோ, எது இருக்கிறதோ அதன் பிரதியும், முகவரி உள்ள ஒரு கடிதமும் கொண்டுபோங்கள். "உங்களுக்கு இல்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "மாகாணத் திட்டத்தில் உண்டா, நகரசபைத் திட்டத்தில் உண்டா" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். அப்போதும் பதில் கிடைக்காவிட்டால் 211 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த வகைக் கோப்புக்கு எந்த நிலையம் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்களென்றால் அங்கு வரும் குடியமர்வு ஊழியரையும், அருகில் உள்ள பொதுநூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். நூலக அட்டைக்குக் குடிவரவு நிலை தேவையில்லை, சில கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு.

புதன்கிழமை முதியோர் கூட்டத்துக்கு உங்கள் அம்மாவையோ மாமியையோ அனுப்புவதாக இருந்தால், ஒன்பதரைக்கு முன் அனுப்பிவையுங்கள். யன்னலோர நாற்காலிகள் இரண்டும் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும்.